பத்து நிமிடத்துக்கு அடியில்

பத்து நிமிடப் பேச்சை எழுதிக் கொடுத்தால் போதும், கேரளத்தின் கல்லாற்றில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் பேச்சையும் கணினி கற்றுக்கொள்ளும் என்கிறார் நண்பர். 2020இல் வந்த வேவ்2வெக் 2.0 என்ற பேச்சறிதல் ஆய்வுதான் ஆதாரமாம்.

பாதியைத்தான் சொல்கிறார். பத்து நிமிடம் என்பது எழுத்தோடு பொருத்திய பேச்சு மட்டும். அதற்கு முன்பே அந்த ஆய்வின் நரம்பு வலைப்பின்னல் சுமார் 53,000 மணி நேர ஆங்கில ஒலிநூல்களைக் கேட்டு முடித்திருந்தது. சோதனையும் அதே வகை வாசிப்பில்தான். போதாததற்கு, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று ஊகிக்க, ஆங்கில நூல்களில் பழகிய மொழி மாதிரி வேறு. காணிக்காரர் பேச்சுக்கு இதில் எது இருக்கிறது?

தமிழும் மலையாளமும் பக்கத்தில்தானே என்பார். ஒலிகளைக் கடன் வாங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் பயின்ற மாதிரி, தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிடும். வாசிப்பவருக்குப் பிழையென்றே தோன்றாது. கல்லாற்றில் வாழும் மூலிகை வைத்தியர் பத்மஸ்ரீ லட்சுமிக்குட்டி சொல்லும் மூலிகைப் பெயர் அப்படி மாறினால் மருந்தே மாறிப்போகும்.

இன்னொன்று. காணிக்காரர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானபோது, பாலோடு தாவரவியல் பூங்கா உரிமத் தொகையில் பாதியை அவர்களுக்கு ஒதுக்கியது. குரலைப் பதிய வருகிறவர்கள் என்ன பங்கு தருவார்கள்? நண்பர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.