பட்டர் இல்லாத பட்டர் குக்கீஸ்

பெருநாள் நெருங்கினால் எங்கள் சாய்ந்தமருதுக் கடைத்தெருவில் பிளாஸ்ரிக் டப்பாக்கள் வரிசைகட்டி நிற்கும். அவற்றுள் பல 'பட்டர் குக்கீஸ்' என்ற பெயரைத் தாங்கியிருக்கும். அப்பெயரில் இரண்டு சொற்கள் உள்ளன. குக்கீஸ் என்பது உண்மை. பட்டர் என்பது பல வேளைகளில் பொய்.

ஒரு விசுக்கோத்துக்காக ஒரு கட்டுரையா என்று சிரிப்போர் சிரிக்கட்டும். அரசியல்வாதியின் பொய்யைப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அதனால் அவர்கள் திருந்தியதாகத் தெரியவில்லை. நம் வீட்டு மேசைக்கு வந்து, நம் குழந்தையின் வாய்க்குள் போகும் பொய்யைப் பற்றியாவது எழுதிப் பார்ப்போமே என்றுதான் இதனை எழுதுகின்றேன்.

முதலில் பண்டத்தைப் பற்றி. பட்டர் குக்கீஸைப் போல எளிதான பலகாரம் வேறில்லை. ஒரு பங்கு சீனி, இரண்டு பங்கு பட்டர், மூன்று பங்கு கோதுமை மா. கணக்கு இவ்வளவுதான். 100 கிராம் ஐசிங் சீனி, 200 கிராம் பட்டர், 300 கிராம் மா. முட்டை தேவையில்லை. அப்பச்சோடாவும் தேவையில்லை. நமது கடைகளில் கிடைக்கும் பட்டர் பெரும்பாலும் உப்பிட்டது என்பதால் தனியாக உப்பும் வேண்டியதில்லை. பட்டரையும் சீனியையும் நிறம் வெளிறும்வரை குழைத்து, மாவை அரித்துச் சேர்த்து, பிசையாமல் விரல் நுனியால் கூட்டி எடுத்தால் போதும். பிசைந்தால் மாவிலுள்ள பசைத்தன்மை விழித்துக்கொள்ளும். குக்கீஸ் ரொட்டியாகிவிடும். மாத்துணிக்கையைப் பட்டர் போர்த்தியிருப்பதனால்தான் அது வாயில் உதிர்கின்றது.

எங்கள் கரையோரத்து வெக்கைக்கு ஒரு விசேட கவனம் வேண்டும். பட்டர் ஏறத்தாழ 32 முதல் 35 பாகை செல்சியஸில் உருகிவிடும். நண்பகலில் நமது அடுப்படியே அந்த அளவை எட்டிவிடுகின்றது. ஆகவே கூட்டிய மாவை அரைமணி நேரமாவது குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, வில்லைகளாக்கி, 160 முதல் 170 பாகைச் சூட்டில் 12 முதல் 15 நிமிடங்கள் சுடவேண்டும். விளிம்பு பொன்னிறமாகும்போது இறக்கிவிட வேண்டும். நடு மென்மையாகத்தான் இருக்கும். ஆற ஆற இறுகும். 'அவண்' இல்லாதோர் கனமான சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் சிரட்டைத் தணல் இட்டும் சுடலாம். கேக் சுடுவதற்கு நம் மூதாட்டிமார் கையாண்ட முறைதான் அது.

இந்த 600 கிராம் கலவையிலிருந்து 15 கிராம் வீதம் 40 குக்கீஸ் வரும். ஒவ்வொன்றிலும் 5 கிராம் பட்டர் இருக்கும். அதாவது மூன்றிலொரு பங்கு. இந்தக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் கடை டப்பாவுக்கு எதிரான எனது குற்றப்பத்திரிகையின் முதற் சாட்சி இதுதான்.

கடந்த பெருநாளுக்கு முன்னர் அத்தகைய டப்பாவொன்றை வாங்கினேன். மூடியில் பொன்னெழுத்தில் 'பட்டர்'. அடியில் எறும்பு எழுத்தில் 'தாவரக் கொழுப்பு, பட்டர் சுவையூட்டி'. வேறொரு டப்பாவில் அந்த எறும்பு எழுத்தும் இல்லை. கடைக்காரரிடம் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "சேர், பட்டர் எண்டா இப்ப டேஸ்ட்டுத்தான்" என்றார். நான் அறிந்தவரையில், நமது காலத்தின் வியாபாரத் தத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக எவரும் சொன்னதில்லை.

பட்டர் என்பது சுவையின் பெயரன்று, பொருளின் பெயர். சர்வதேச உணவு நியமமான கோடெக்ஸின்படி பட்டரில் ஆகக் குறைந்தது 80 சதவீதம் பாற்கொழுப்பு இருக்கவேண்டும். மார்ஜரின் வேறு. பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பட்டருக்கு மலிவான மாற்றீடாக, 1869இல் மேஜ் மூரியே என்ற இரசாயனவியலாளர் மாட்டுக் கொழுப்பிலிருந்து அதனை உருவாக்கினார். பின்னர் தாவர எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. தோன்றிய நாளிலிருந்தே அது பட்டரின் வேடத்தைப் போட முயன்று வந்திருக்கின்றது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மார்ஜரினுக்கு மஞ்சள் நிறமூட்டி விற்பதற்கு 1967 வரை தடை இருந்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூனில், தாவரப் பொருட்களுக்குப் 'பால்', 'பட்டர்' ஆகிய பெயர்களைச் சூட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. பெயருக்காக நீதிமன்றம் வரை போனவர்கள் பைத்தியக்காரர்கள் அல்லர்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கின்றது. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் பிழையான வழிகாட்டும் சிட்டைகளைத் தடைசெய்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏமாற்றும் நடத்தையைக் குற்றமாக்குகின்றது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் காலாவதித் திகதியைப் பார்க்கின்றார், இலையானைப் பார்க்கின்றார். அவை வேண்டியவைதான். பெயரையும் அவர் பார்க்கவேண்டும் என்பதே எனது கோரிக்கை.

இனி எதிர்வாதங்களைப் பார்ப்போம்.

"பட்டரின் விலை தெரியுமா?" என்பது முதலாவது வாதம். தெரியும். 2022ஐ மறந்தவன் இந்த நாட்டில் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபாவைத் தொட்டது. மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்நாட்களில் பட்டரைக் கைவிட்டு மார்ஜரினுக்கு மாறிய எவரையும் நான் குறைசொல்ல மாட்டேன். மாற்றவேண்டியிருந்தது பொருளை, பெயரை மாற்றாமல் விட்டதுதான் பிழை. 'மார்ஜரின் விசுக்கோத்து' என்று எழுதி, அதற்குரிய விலையில் விற்றால் யார் வேண்டாமென்றது? நெருக்கடியில் பிறந்த பொய், நெருக்கடி தணிந்த பின்பும் வழக்கமாகக் குடியிருப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

இரண்டாவது வாதம், "வித்தியாசம் யாருக்குத் தெரிகின்றது?" என்பது. உங்கள் மேலண்ணத்துக்குத் தெரியும். பட்டர் உடற்சூட்டுக்குக் கீழேயே உருகுவதால் நாவில் கரைந்துவிடும். பேக்கரிக்கென்றே செய்யப்படும் மார்ஜரின் வகைகள் பலவற்றின் உருகுநிலை உடற்சூட்டையும் தாண்டியது. மெழுகுபோல அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். உடம்புக்கும் வித்தியாசம் தெரியும். பகுதியளவில் ஐதரசனேற்றம் செய்த எண்ணெய்களிலிருந்து வரும் 'ட்ரான்ஸ்' கொழுப்பை 2023க்குள் உலக உணவிலிருந்து அகற்றவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் அறைகூவியது. பட்டர் மட்டும் அமிர்தமா என்று கேட்பீர்கள். இல்லை. அதுவும் நிறைவுற்ற கொழுப்புத்தான். இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டிய பண்டந்தான். ஆனால் எதை உண்கின்றோம் என்று தெரிந்தால்தானே எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கலாம்? நீரிழிவும் இதய நோயும் நுழையாத தெரு எங்கள் ஊரில் எது?

மூன்றாவது வாதந்தான் கனமானது. "வீட்டில் சுட்டு விற்கும் ஏழைப் பெண்களின் வயிற்றில் அடிக்காதீர்கள்." நான் அவர்களுக்காகவே எழுதுகின்றேன். 2020இன் முடக்கக் காலத்தில் இக்கரையோரத்தில் எத்தனையோ வீட்டு அடுப்படிகள் சிறு வெதுப்பகங்களாயின. வெளிநாட்டுச் சம்பளம் நின்றுபோன வீடுகளில் பலகாரப் பெட்டி குடும்பத்தைத் தாங்கியது. அவர்களுள் ஒருத்தி உண்மையான பட்டரை வாங்கி, மூன்றிலொரு பங்கு கணக்குத் தவறாமல் சுடுகின்றாள். அடுத்த தெருவில் இன்னொருவர் சுவையூட்டித் துளியை விட்டுவிட்டு, அதே பெயரில் பாதி விலைக்கு விற்கின்றார். யார் தோற்பார்? நேர்மையானவள்தான். பொய்ப்பெயர் முதலில் அடிப்பது அவளுடைய வயிற்றில். அவளைக் காப்பாற்றுவதற்கு மானியம் வேண்டாம், கடனுதவியும் வேண்டாம். டப்பாவில் உண்மையை எழுதவைத்தாலே போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கின்றது. வளைகுடாவிலிருந்து வரும் நீல நிறத் தகரப் பேணியைத் தவிர வேறெதையும் விருந்தினர் முன் வைக்க வெட்கப்படுவோர். டென்மார்க்கின் பெயரால் புகழ்பெற்ற அப்பேணிக்குப் பின்னாலிருந்த கெல்சன் நிறுவனம் 2013இல் அமெரிக்காவின் கேம்பெல் சூப் கம்பெனிக்குப் போய், 2019இல் இத்தாலியின் ஃபெரெரோ குடும்பத்தைச் சார்ந்த நிறுவனத்தின் கைக்கு மாறியது. பேணி நல்ல பேணிதான். விசுக்கோத்து தீர்ந்தபின் ஊசியும் நூலும் போட்டு வைக்க அதைவிடச் சிறந்தது கிடையாது. ஆயினும் குக்கீஸ் நமக்கு அந்நியமான பண்டம் என்று யார் சொன்னது? ஒல்லாந்தரின் 'கூக்கியே' என்ற சொல்தான் ஆங்கிலத்தில் குக்கியானது. அதே சொல்தான் இலங்கையில் கொக்கிஸ் ஆனது. பேக்கரிகளில் விற்கும் ஞானகதாவும் சூரத்து நகரில் ஒல்லாந்தர் போறணையிலிருந்து பிறந்ததாகவே சொல்லப்படுகின்றது. பட்டர் கட்டுப்படியாகவில்லையா? உருக்கிய நெய்யில் ஞானகதா சுடுங்கள். அதன் பெயரிலேயே விற்றுவிடுங்கள். அதில் இழுக்கேதுமில்லை.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. உணவு பற்றிய பொய் என்ன விலை கேட்கும் என்பதை எங்கள் மாவட்டத்தைவிட நன்கறிந்தவர் யார்? 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் உணவகமொன்றின் கொத்தில் கருத்தடை மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி. கடை உடைந்தது. பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, அது மாச்சத்துக் கட்டியே தவிர மாத்திரையன்று என்று தெரிந்தது. ஒரு மாக்கட்டி! நமது உணவில் இல்லாததை இருப்பதாகச் சொன்னார்கள். நாம் நொந்தோம், நீதி கேட்டோம். அவ்வாறு கேட்டவர்களாகிய நாம், நமது உணவில் இல்லாத பட்டரை இருப்பதாக எழுதி நம் பிள்ளைகளுக்கே விற்பதா? இரண்டும் ஒரே எடையுள்ள குற்றமென்று நான் சொல்லவில்லை. ஒன்று ஊரை எரித்தது. மற்றையது காசைத்தான் பறிக்கின்றது. ஆனால் உணவின்மீதான நம்பிக்கை என்ற கிணறு ஒன்றே. அதில் நாமே கல்லெறிந்தால், நாளை வேறொருவன் நஞ்சென்று கூவும்போது "எங்கள் உணவை நம்புங்கள்" என்று சொல்லும் தகுதி நமக்கு இருக்காது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே பரப்பிய வியாபாரியின் வரலாற்றைக் குத்பாவில் எத்தனை முறை கேட்டிருக்கின்றோம்! குத்பா முடிந்ததும் பள்ளிவாசல் படியோடு அதனை விட்டுவிட்டு வந்துவிடுகின்றோம்.

எனவே மூன்று காரியங்கள். விற்பவர்கள், எந்தக் கொழுப்பு, எத்தனை கிராம், சுட்ட திகதி எது என்பதைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் டப்பாவின் மேல் ஒட்டட்டும். ஒரு துண்டுத் தாளும் பேனையும் போதும். சுகாதார அதிகாரிகள் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் கடைத்தெருவில் இறங்கி, பெயரையும் பொருளையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வாங்குபவர்கள், "இதில் பட்டர் இருக்கின்றதா?" என்று வாய்திறந்து கேட்கட்டும். கேள்வி கேட்பவனுக்குப் பொய்ச்சரக்கு விற்பது கடினம்.

தொரொண்டோவிலோ தோஹாவிலோ சென்னையிலோ இருந்து இதனை வாசிப்போர் இதை எங்கள் ஊர்ச் சண்டையென்று ஒதுக்கிவிட வேண்டாம். உங்கள் தெருக்கடை டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அதற்கும் முன்னர் ஒரேயொரு தடவை வீட்டில் சுட்டுப் பாருங்கள். சுவையை மறக்கடித்த பின்னர்தான் மனிதனைச் சுவையால் ஏமாற்ற முடியும். சீனி ஒன்று, பட்டர் இரண்டு, மா மூன்று. இந்தக் கணக்கை ஒருமுறை அறிந்துகொண்ட நாக்கு, அதன் பின்னர் எந்தப் பொன்னெழுத்துக்கும் பொய்ச்சாட்சி சொல்லாது.