எண்ணும் பண்ணும்

அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசை, நெடுங்காலம் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைத் தாளத்திலேயே நடந்தது. 1959ஆம் ஆண்டில் டேவ் புரூபெக் என்பாரின் நால்வர் குழு வெளியிட்ட ‘டைம் அவுட்’ என்னும் இசைத்தட்டு அவ்வழக்கைக் கடந்தது. ஐந்து எண்ணிக்கையில் அமைந்த ‘டேக் பைவ்’, ஒன்பது எண்ணிக்கையில் தொடங்கும் ‘புளூ ரொண்டோ அலா துர்க்’ ஆகிய இரண்டும் அதன்கண் உள்ளவை.

இவற்றைக் கேட்கும் எம்மவருள் சிலர், “ஐந்து கண்டம், ஏழு மிச்சிரம், ஒன்பது சங்கீர்ணம், யாவும் எம் முன்னோர் பண்டே வகுத்தவை. இதிற் புதுமை யாது?” என வினவுவர். வினவுதல் தவறன்று, அவ்வளவில் அமைந்துவிடுதலே தவறு. எண்ணை அறிதல் வேறு. அவ்வெண்ணைப் பல கருவிகளுக்கும் பகிர்ந்து, கேட்போர் செவி இடறாது நடக்க வழிசெய்தல் வேறு.

‘டேக் பைவ்’ உருப்படியில் ஐந்து எண்ணிக்கை மூன்றும் இரண்டுமாகப் பிரிகின்றது. பியானோ ஒரு சிறு தொடரையே மீண்டும் மீண்டும் வாசிக்கின்றது. அதன்மேல் போல் டெஸ்மண்ட், தாம் இயற்றிய மெட்டைச் சாக்சபோனில் இசைக்கின்றார். ஜோ மொறெல்லோ முரசங்களைத் தனித்து முழக்கும்போதும் பியானோ அத்தொடரைக் கைவிடுவதில்லை. ஒருவர் காவல் நிற்றலினாலேயே மற்றவர் கட்டற்று உலாவுகின்றார்.

மற்றையது, 1958இல் அமெரிக்க அரசின் ஆதரவில் துருக்கி, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளுக்கு மேற்கொண்ட பயணத்தின்போது, துருக்கித் தெருவிசைஞரிடம் புரூபெக் கேட்ட தாளத்திற் பிறந்தது. மேனாட்டார் ஒன்பதை மும்மூன்றாகப் பகுத்தலே பெருவழக்கு. இங்கோ இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்னும் பகுப்பு மும்முறை வந்து, நான்காம் முறை மும்மூன்றாகின்றது. தனிவாசிப்பை அணுகுங்கால் ஒன்பதையும் நான்கையும் மாறிமாறிக் காட்டிப் பின் பழகிய நான்கிற்கே இசை இறங்குகின்றது. அயல்வழியிற் கேட்போரை அழைத்துச் சென்றவர், அவர்தம் வீட்டு வாயிலிற் கொண்டுவந்து விடுகின்றார்.

இந்திய இசைஞர் ஹரிஹர் ராவிடம் பயின்ற டொன் எல்லிஸ் என்பார், 1966இல் மொன்ரெரே ஜாஸ் விழாவில் தம் பெருங்குழுவைக் கொண்டு 19 எண்ணிக்கையில் ஓர் உருப்படியை இசைத்தார். ‘33 222 1 222’ என்னும் தாளப் பகுப்பையே அதற்குப் பெயராகவும் இட்டார். இந்திய மரபிற் கற்றதை அவர் தம் இசைக்கு உரியதாக்கிக் கொண்டார்.

யாப்பிலக்கணம் கற்றார் யாவரும் பாவலர் ஆதல் இல்லை. சீரும் தளையும் பிழையாது அமைந்தும் உயிரற்ற செய்யுள்களை யாம் எத்தனையோ கண்டுள்ளோம். தாளத்திற்கும் இஃது ஒக்கும். முன்னோர் வகுத்த எண்ணைப் போற்றுதல் எம் கடன். அவ்வெண்ணிற் பிறர் எவ்வாறு நடக்கின்றனர் என்பதைச் செவிசாய்த்துக் கேட்டலும் எம் கடனே. “எம்மிடம் முன்னரே உண்டு” என்னும் சொல், கற்றலின் தொடக்கமாகுக, முடிவாகாதொழிக.