பட்டம் வேண்டாம், சாய்தளம் வேண்டும்

2015 டிசம்பரில் பிரதமர் மோடி தமது வானொலி உரையில், மாற்றுத்திறனாளிகளை இனி ‘திவ்யாங்’ என்று அழைக்கலாம் என்றார். தெய்வீக உறுப்பு உடையோர் என்பது அதன் பொருள். ஊனத்தைக் கடவுளின் கொடையாகக் காட்டும் இச்சொல்லை உரிமை இயக்கங்கள் அப்போதே எதிர்த்தன. ஆயினும், தன் துறையின் இந்திப் பெயரிலேயே அதை ஏற்றிக்கொண்டது ஒன்றிய அரசு. 80 சதவீத ஊனமுடைய ஏழைக்கு அதே அரசு தரும் மாத ஓய்வூதியம் 300 ரூபாய்!

தெய்வீகம் படியேற உதவுமா? சக்கர நாற்காலியில் வரும் சிறுமிக்குத் தேவை சாய்தளம். காது கேளாத சிறுவனுக்குத் தேவை சைகை மொழி அறிந்த ஆசிரியர். சிறப்பாசிரியர் பணியிடங்களை உருவாக்குமாறு உச்ச நீதிமன்றம் 2021இல் ஆணையிட்டது. 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட நேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் டிசம்பர் 3 விழிப்புணர்வுப் பேரணிகளுக்கு மட்டும் குறைவில்லை.

பணியிடங்களின் நிலை என்ன? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு வழங்குகிறது. பணிக்காலத்தில் ஊனமுறும் அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. தனியாருக்கோ இடஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை. 5 சதவீதம் பேரை அமர்த்தினால் ஊக்கச் சலுகை என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. தனியார் ஆலையில் விரல்களை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அரசு ஊழியருக்குரிய அந்தப் பாதுகாப்பும் இல்லை. எனவே, பொதுத்துறை விற்கப்படும்போது மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பும் சேர்த்தே விற்கப்படுகிறது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாட்டாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது நிகழ்ந்தது இதுவே.

அப்படியானால் விழிப்புணர்வு வேண்டாமா எனச் சிலர் கேட்கக்கூடும். வேண்டும். பட்டப்பெயர் சூட்டிக் கேலி செய்யும் மாணவனும், ‘இவரால் இயலாது’ என முன்கூட்டியே தீர்ப்பெழுதும் மேலாளரும் திருந்தவே வேண்டும். ஆனால், ஒரே பெஞ்சில் அமர்ந்து படிப்பதும் ஒரே கூடத்தில் உழைப்பதும் கற்பிக்கும் மரியாதையை எந்தச் சுவரொட்டியும் கற்பிக்காது. வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவரோடு பழகுவது எங்ஙனம்?

ஆகவே, இது கருணையின் பிரச்சனை அல்ல, உரிமையின் பிரச்சனை. சாய்தளமும் ஏற்ற கழிப்பறையும் சைகை மொழிபெயர்ப்பாளரும் ஒவ்வொரு தொழிற்சங்கத்தின், மாணவர் அமைப்பின் கோரிக்கைப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். நிரப்பப்படாத 4 சதவீத இடங்களை நிரப்பவும், இடஒதுக்கீட்டைத் தனியார் துறைக்கு விரிவாக்கவும் ஒன்றுபட்ட போராட்டம் எழ வேண்டும். பட்டங்களை அரசே வைத்துக்கொள்ளட்டும், உரிமைகளைக் கொடுக்கட்டும்.