மெய்யான பீட்சா யாது?

சென்ற பருவத்தில் ஒரு மாலை யானும் விடுதி நண்பர் மூவரும் பீட்சா வாங்கி உண்ணப் புகுந்தோம். அவற்றுள் ஒன்றில் அன்னாசித் துண்டுகள் இருத்தலைக் கண்ட நண்பரொருவர், "இது பீட்சாவே அன்று, நேப்பிள்ஸ் நகரத்தார் கண்டால் நாணுவர்" எனக் கூறித் தம் பங்கை அப்பால் தள்ளினார். தள்ளிய பங்கையும் யானே உண்டேனாதலின் அவர்பால் எனக்கு வருத்தமில்லை. எனினும் அவர் கூற்று பொருந்தாதென்பதை அன்று சொல்ல இயலாது போயிற்று, வாய் நிறைந்திருந்தது. ஈண்டுச் சொல்லுகின்றேன்.

நேப்பிள்ஸ் பீட்சாவின் சிறப்பை மறுப்பார் யார்? மெல்லிதாய் விரித்த மா, அதன்மேல் தக்காளி, மொசரெல்லா என்னும் பாலாடைக்கட்டி, நம் திருநீற்றுப்பச்சையின் இனமாகிய ஒரு தழை, சிறிது ஒலிவ எண்ணெய், இவ்வளவே. விறகடுப்பில் ஏறக்குறைய 485 பாகை வெப்பத்தில் அது 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். அக்கடும் வெப்பத்தினாலன்றோ அதன் விளிம்பு பொங்கி ஆங்காங்கே கரிந்தும், நடுவிடம் துவண்டும் இருக்கின்றது! 1984-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் ஒரு சங்கம் நிறுவி இம்முறையை விதிகளாக எழுதிவைத்தனர். 2017-இல் யுனெஸ்கோ நிறுவனமும் அவ்வூர்ப் பீட்சாக் கைவினையை மாந்தரின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. தம் ஊர்ப் பெயரைப் பிறர் பொய்யாக வழங்காதவாறு காத்தல் அவர்க்கு உரிமையே. ஆயின் அவ்விதிகள் நேப்பிள்ஸ் பீட்சாவுக்கு விதிகளேயன்றிப் பீட்சா முழுமைக்கும் விதிகளாகா. இலக்கணம் பயிலும் எம்மனோர்க்கு இஃது எளிதில் விளங்கும். செய்யுள் பல தோன்றிய பின்னரன்றோ நூலோர் அவற்றைக் கண்டு விதி வகுத்தனர்?

நிற்க. தக்காளிதான் நேப்பிள்ஸுக்கு உரியதோ? அஃது அமெரிக்கக் கண்டத்துச் செடி. கொலம்பஸ் 1492-இல் கடல் கடந்த பின்னரே ஐரோப்பியர் அதனை அறிந்தனர். பீட்சா என்னும் சொல்லோ, 997-ஆம் ஆண்டிலேயே, கயேத்தா என்னும் இத்தாலிய ஊரின் பத்திரமொன்றில் காணப்படுகின்றது. ஆகவே தக்காளியைக் காணாமலே அப்பெயர் ஐந்நூறு ஆண்டு வழங்கிற்று. அன்னாசியும் அதே அமெரிக்கக் கண்டத்துக் கனியே. முந்தி வந்த விருந்தாளி பிந்தி வந்தவனை நோக்கி "நீ அயலான்" என்று கடிவது என்ன நீதி?

அன்னாசியைப் பீட்சாவில் இட்டவர் கிரேக்க நாட்டிற் பிறந்து கனடாவிற் குடியேறிய சாம் பனோபுலோஸ் என்பார், ஆண்டு 1962. 2017-இல் ஐஸ்லாந்து நாட்டுத் தலைவர் மாணவரிடையே பேசுகையில், இயலுமாயின் இதனைத் தடைசெய்வேன் என்று விளையாட்டாய்க் கூறினார். அதனால் எழுந்த ஆரவாரத்தைக் கண்டு, தமக்கு அவ்வதிகாரம் இல்லை, இல்லாமையும் நன்றே என விளக்கவும் நேர்ந்தது.

இத்தாலிக்குள்ளேயும் வடிவம் ஒன்றன்று. சிசிலித் தீவின் பலெர்மோ நகரத்தார் தடித்த அப்பத்தின்மேல் வெங்காயமும் நெத்திலியும் இட்டு ரொட்டித்தூள் தூவுவர். உரோமையில் நீள்சதுரமாய்ச் சுட்டு, வெட்டி, நிறுத்து விற்பர். வறுமையால் நாடுவிட்டு அமெரிக்கா சென்ற இத்தாலியர்க்கோ நியூயார்க்கில் நிலக்கரி அடுப்புக் கிடைத்தது. பீட்சா அகன்று, மடித்து உண்ணத்தக்கதாயிற்று. டெட்ராய்ட் நகரில் 1946-இல் மோட்டார்த் தொழிற்சாலைகளின் இரும்புத் தட்டுகளையே கலமாகக் கொண்டனர் என்பர். ஓரம்வரை பரப்பிய பாலாடைக்கட்டி அவ்விரும்பிற் பட்டு முறுகிச் சுவை மிகுந்தது. கையிற் கிடைத்ததைக்கொண்டு பசியாற்றியவரின் இவ்வாக்கத்தைச் சிதைவு எனல் அவர்தம் உழைப்பை இகழ்வதாம். நண்பர் கூற்றில் எனக்கு உண்மையாகவே மனம் நொந்தது இதன் பொருட்டே.

1943-இல் தோன்றிய சிக்காகோவின் ஆழ்ந்த தட்டுப் பீட்சாவில் பாலாடைக்கட்டி கீழும் தக்காளி மேலுமாக இருக்கும்; நெடுநேரம் வேகுங்கால் கட்டி கருகாதிருத்தற்கு அம்முறை. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணவேண்டிய அதன்பால் எனக்கு விருப்பமில்லை. எனினும் அதன் பெயரை மறுக்க யான் யார்?

அந்நண்பர் இதனைப் படிப்பாராயின், அடுத்த முறை அன்னாசிப் பங்கை மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. பெயரை மட்டும் விட்டுவிடுக. பங்கை என் பக்கம் தள்ளுக.