மறைப்பதும் அறிவிப்பதும்

திருவனந்தபுரத்திலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையமும், சண்டிகரை அடுத்துள்ள செமிகண்டக்டர் ஆய்வுக்கூடமும் சேர்ந்து ‘விக்ரம் 3201’ என்னும் 32 பிட் நுண்செயலியை உருவாக்கியுள்ளன. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 பயணத்தில் அது விண்வெளியிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. அதற்கு முந்திய 16 பிட் நுண்செயலியாகிய ‘விக்ரம் 1601’, 2009-ஆம் ஆண்டு முதல் இந்திய ராக்கெட்டுகளில் பயன்பட்டு வந்துள்ளது. இச்செய்தியில் எளிதிற் கண்ணில் படாத விவரம் ஒன்று உண்டு. புதிய நுண்செயலி ‘அடா’ என்னும் கணிப்பொறி மொழிக்கு இடமளிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. அம்மொழியில் எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரையும் இஸ்ரோவே தன் முயற்சியால் ஆக்கிக்கொண்டது. கணிப்பொறிப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்த விவரத்தைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் நலம். ஏனெனில், எதை மறைப்பது, எதை அறிவிப்பது என்னும் கேள்வியை இம்மொழியைப்போல் முன்வைத்த மொழிகள் சிலவே.

19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலக் கணித அறிஞர் அடா லவ்லேஸ் அம்மையாரின் பெயர் தாங்கிய இம்மொழி, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தேவைக்காக ழான் இக்பியா என்பவரின் தலைமையில் வகுக்கப்பெற்று, 1983-இல் தரநிர்ணயம் பெற்றது. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பில் இது பொருள்நோக்கு மொழியாகவும் விரிவடைந்தது. இதன் அடிப்படை அலகு ‘பாக்கேஜ்’ எனப்படும் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் இரு பாகங்களாக எழுதப்படுகிறது. முதலாவது அறிவிப்பு, அத்தொகுதி பிறருக்கு என்னென்ன செய்து தரும் என்பதை அது கூறும். இரண்டாவது செயற்பகுதி, அப்பணிகள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பது அங்கே இருக்கும். வேறொரு தொகுதியைப் பயன்படுத்த விரும்பும் நிரல், ‘வித்’ என்ற சொல்லை இட்டு, இன்ன தொகுதியை நாடுகிறேன் என்று தலைப்பிலேயே கூறிவிட வேண்டும். அவ்வாறு கூறிய பின்னரும் அறிவிப்பில் உள்ளதை மட்டுமே அது காண இயலும். செயற்பகுதியை எட்டிப் பார்க்க முயன்றால் கம்பைலர் அந்நிரலை ஏற்பதில்லை.

மழைமானி பார்க்கும் களப்பணியாளர் ஒருவரின் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாள்தோறும் பெய்த மழையின் அளவும் மாத மொத்தமும் அதில் உள்ளன. வருவோர் போவோர் எல்லாம் மொத்தத்தை நேரே திருத்தலாம் என்றிருந்தால், நாட்கணக்கும் மொத்தமும் ஒரு வாரத்திலேயே முரண்படும். யார் தவறு என்று கண்டறியவும் இயலாது. அடா மொழியில் இப்பதிவேட்டைத் தொகுதியாக எழுதுபவர், ‘ஒரு நாளின் மழையைச் சேர்’, ‘மாத மொத்தத்தைக் கூறு’ என்னும் இரு பணிகளை மட்டும் அறிவிப்பின் வெளிப்பாகத்தில் வைப்பார். பதிவேட்டின் உள்ளமைப்பை ‘பிரைவேட்’ என்னும் சொல்லுக்குப் பின்வரும் அகப்பாகத்தில் வைத்துவிடுவார். இனி மொத்தம் மாறுவதற்கு ஒரே வழிதான் உண்டு. கணக்கில் பிழை நேர்ந்தால் தேட வேண்டிய இடமும் ஒன்றே.

இங்கே மாணவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. மறைக்க வேண்டிய அகப்பாகம் அறிவிப்பிலேயே ஏன் எழுதப்படுகிறது? விடை எளியது. பதிவேட்டுக்கு நினைவகத்தில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதைக் கம்பைலர் அறிந்தாக வேண்டும். ஆதலின் அகப்பாகம் கம்பைலருக்காக எழுதப்படுகிறது. பயன்படுத்தும் நிரலுக்காக அன்று. மனிதர் அதை வாசிக்கலாம். நிரல் அதைத் தொடலாகாது. ஆகவே இந்த மறைப்பு இரகசியம் காப்பதற்கு ஏற்பட்டதன்று. பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பதற்கு ஏற்பட்டது. 1972-இல் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் வற்புறுத்திய கருத்தும் இதுவே: பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் அடக்கிவிட்டால், மாற்றம் நேரும்போது மற்றக் கூறுகள் கலங்கா.

பிற பொருள்நோக்கு மொழிகள் பலவற்றில் வேலி, ‘கிளாஸ்’ எனப்படும் வகுப்பைச் சுற்றி இருக்கும். அடாவிலோ வேலி தொகுதியைச் சுற்றியே இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுப் பதிப்பு, தாய்த் தொகுதிக்குச் சேய்த் தொகுதிகள் அமையவும் வகை செய்தது. தாயின் அகப்பாகத்தைச் சேய் தன் அகப்பாகத்திலும் செயற்பகுதியிலும் காணலாம்; ஆனால் தன் வெளிப்பாகத்தில் அதை எடுத்து ஊராருக்குக் காட்ட முடியாது. குடும்பத்துள் அறிந்தது குடும்பத்துள்ளேயே நிற்கிறது.

இத்தனை கட்டுப்பாடு எதற்கு என்று வினவுவோரும் உளர். கேரளப் பள்ளிகளின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் இடம்பெற்று வந்துள்ள பைத்தான் மொழியில், பெயரின் முன் ஓர் அடிக்கோடு இட்டால் ‘இது உள்வேலைக்கு உரியது’ என்று பொருள். அது மரபேயன்றித் தடையன்று; மீறுவோரை மொழி நிறுத்துவதில்லை. தொடக்க மாணவர்க்கும் சிறு நிரல்களுக்கும் இவ்வெளிமையே ஏற்றது என்னும் வாதத்தில் நியாயம் உண்டு. எனினும் நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து எழுதும் நிரலில், ஒருவரையொருவர் அறியாத நிலையில், மரபை மட்டும் நம்பியிருப்பது போதாது. ஏவிய பின் திருப்பி அழைக்க முடியாத ராக்கெட்டில் அது போதவே போதாது.

ஆயினும் மறைப்பு மட்டுமே காப்பாற்றும் என்று கருதுவதும் பிழை. 1996-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில், கிளம்பிய 40 விநாடிகளுக்குள் சிதறியது. ஏரியன் 4-இல் நன்கு உழைத்த திசையறி கருவியின் நிரல், அடா மொழியில் எழுதப்பட்டது, அப்படியே புதிய ராக்கெட்டில் வைக்கப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் கிடைநிலை வேகம் மிகுதி. அதனோடு தொடர்புடைய 64 பிட் எண் ஒன்றை, 32,767-க்கு மேற்பட்ட மதிப்பைத் தாங்காத 16 பிட் எண்ணாக மாற்ற முயன்றபோது நிரல் நின்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரலே இருந்தமையால் அதுவும் நின்றது. இத்தகைய ஏழு எண்களில் நான்கிற்குப் பாதுகாப்பு அளிக்கப்பட்டிருந்தது. கணிப்பொறியின் வேலைப்பளு மிகாதிருக்க மூன்று விடப்பட்டிருந்தன. அவ்வாறு விட்டதற்கான காரணம் நிரலில் நேரடியாக எங்கும் குறிக்கப்படவில்லை என விசாரணைக் குழு கண்டது. புதிய ராக்கெட்டின் பாதையைப் பற்றிய விவரமும் கருவியின் தேவைக்குறிப்பில் சேர்க்கப்படவில்லை.

இவ்விபத்திலிருந்து பெறத்தக்க பாடம் தெளிவானது. செய்யும் முறையை மறைக்கலாம். எந்த எல்லைக்குள் அது செல்லுபடியாகும் என்பதை மறைக்கலாகாது. மழைப்பதிவேட்டின் அறிவிப்பு, அளவு மில்லிமீட்டரில் தரப்பட வேண்டும் என்பதையும் அதன் உச்ச வரம்பையும் கூறாவிடின், அதன் வேலி எவ்வளவு உறுதியாயினும் பயனில்லை. அடாவின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பு, ஒரு பணிக்கு முன்னும் பின்னும் நிறைவேற வேண்டிய நிபந்தனைகளை அறிவிப்பிலேயே எழுத வகை செய்தது இந்நோக்கில் வரவேற்கத்தக்கது. எழுதிய நிபந்தனையைப் படித்துச் சோதிக்கும் பொறுப்பு மட்டும் எக்காலத்திலும் மனிதரைச் சார்ந்ததே.

வகுப்பறையில் இதைக் கற்பிக்க ராக்கெட் வேண்டியதில்லை. அடா மொழியும் வேண்டியதில்லை. எந்த மொழியாயினும், மாணவன் முதலில் அறிவிப்பை மட்டும் எழுதட்டும். அதைத் தோழனிடம் கொடுக்கட்டும். செயற்பகுதியைப் பாராமல், ஒரு கேள்வியும் கேளாமல், தோழன் அதைப் பயன்படுத்த முடிந்தால் அறிவிப்பு நிறைவானது. கேள்வி கேட்க நேர்ந்தால் அக்கேள்விக்குரிய விடை அறிவிப்பில் சேர வேண்டியது. மதிப்பெண்ணில் ஒரு பங்கை விடை சரியா என்பதற்கும், மற்றொரு பங்கை இவ்வறிவிப்புக்கும் ஒதுக்கும் ஆசிரியர், பிறரோடு சேர்ந்து பணிபுரியத் தக்கவர்களை உருவாக்குகிறார்.