பீரங்கி நின்ற குன்று

"எத்துணை எழில் ஐயா! வாழ்நாளில் ஒருமுறையேனும் இங்கே போய் நிற்கவேண்டும்!" என்றான் என் மாணவன். அவன் காட்டிய படத்தில் பாரிஸ் மாநகரின் மோன்மார்த் குன்று. கல் பாவிய குறுந்தெரு, கொடி படர்ந்த சுவர், தெருவோரக் காப்பிக்கடை, தூரிகை ஏந்திய ஓவியன். அனைத்துக்கும் மேலே பால்நிற மாடங்களுடன் ஒரு கோயில்!

அழகுதான், மறுப்பார் யார்? அழகை வெறுப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால், அழகு என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, அதற்கப்பால் ஒன்றும் கேளாதவனும் பகுத்தறிவாளன் அல்லன்! அந்த மாடம் ஏன் எழுந்தது? அதன் அடியில் வாழ்ந்தவர் யார்? இன்று அவர்கள் எங்கே? கேட்கவேண்டாமா தோழர்களே?

1871 மார்ச் 18. பிரஷ்யாவிடம் தோற்றுப்போன பிரான்சு. முற்றுகையில் பசித்துக் கிடந்த பாரிஸ். மக்கள் காவற்படையின் பீரங்கிகள் இந்தக் குன்றின்மீதுதான் நின்றன. விடியுமுன் அவற்றைக் கவர்ந்துவரப் படை அனுப்பிற்று தியேரின் அரசு. குறுக்கே வந்து நின்றனர் மக்கள், முன்னணியில் பெண்கள்! "சுடு!" என்றான் தளபதி. சுட மறுத்தான் சிப்பாய். அன்று மக்களின் சினத்துக்கு இரு தளபதிகள் இரையாயினர், அதையும் மறைப்பதற்கில்லை. அந்த நாளில் முளைத்ததுதான் பாரிஸ் கம்யூன். ஏப்ரல் 2ஆம் நாளே, அரசு வேறு, மதம் வேறு என ஆணை பிறப்பித்தது அது. பிரான்சு அதை நிலையான சட்டமாக்க 1905 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

மே இறுதியில் வந்தது குருதி வாரம். ஆயிரமாயிரவர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். அக்குன்றில் பள்ளி நடத்திய ஆசிரியை லூயிஸ் மிஷெல், 1873இல் கடல் கடந்த நியூ கலிடோனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கரும்பலகை முன் நிற்கும் நான், அந்தப் பெயரை எப்படி எளிதில் கடந்து செல்வேன்?

அதே 1873இல்தான், அந்தக் குன்றின் உச்சியில் திரு இருதயக் கோயில் எழுப்புவது பொதுநலப் பணி என்று சட்டமியற்றியது தேசியப் பேரவை! கோயில் கட்டும் நேர்ச்சை கம்யூனுக்கு முன்பே, போர்த் தோல்வியின்போதே எழுந்தது என்பர். உண்மை. ஆனால், பீரங்கி நின்ற இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது எப்போது? கம்யூன் வீழ்ந்த பின்னர்! நாட்டின் பாவத்துக்குக் கழுவாயாம்! யார் செய்த பாவம்? ரொட்டி கேட்டதா? உரிமை கேட்டதா? மழை பெய்யப் பெய்ய வெளுக்கும் கல்லாம் அது. கல் வெளுக்கலாம், வரலாறு வெளுக்குமா?

அக்கோயிலின் பின்புறத் தெருவின் பெயரைப் படியுங்கள்: லா பார். 20 வயது இளைஞன் அவன். சமய ஊர்வலத்தின் முன் தொப்பியைக் கழற்றவில்லை, இழிபாட்டுப் பாடினான் என்ற குற்றங்களுக்காக, 1766இல் அபவில் நகரில் தலை வெட்டப்பட்டான். உடலோடு சேர்த்து வால்டேரின் அகராதியையும் எரித்தனர். 1905இல் கோயிலுக்கு எதிரிலேயே அவனுக்குச் சிலை வைத்தனர் சிந்தனையாளர். 1926இல் அதை நகர்த்தினர். 1941இல் உருக்கினர். 2001இல் மீண்டும் எழுந்தது புதுச் சிலை! வருவோர் கண்கள் மாடத்தைத் தேடுகின்றன. அந்த இளைஞனைத் தேடுவோர் எத்துணைப் பேர்?

"அது கலைஞர் வாழ்ந்த பொஹீமியச் சூழல்" என்று உருகுவோர் உண்டு. பொஹீமியர் என்பது, ஊர் ஊராகத் துரத்தப்பட்ட ரோமா மக்களுக்குப் பிரெஞ்சுக்காரர் இட்ட பெயர். துரத்தப்பட்டோரின் பெயர் இன்று விடுதி விளம்பரத்துக்கு அணிகலன்! பிக்காசோ 1904 முதல் 1909 வரை வாழ்ந்த பாத்தோ லவுவார் கட்டடம் முழுமைக்கும் தண்ணீர்க் குழாய் ஒன்றே. பொஹீமிய வாழ்வை எழுதிப் புகழ்பெற்ற மூர்ழே, 38 வயதில் மருத்துவமனையில் மாண்டார். வறுமைதான் கலையை வளர்க்கும் என்பவரே, உம் பிள்ளைக்கு அந்த வறுமையைத் தருவீரா? ஏழைப் பெண்ணொருத்தியின் மகள் சூசான் வலதோன். ஓவியர் முன் கூலிக்கு நின்றாள், நின்றுகொண்டே கற்றாள், தானே ஓவியரானாள். அவளை உயர்த்தியது வறுமையன்று. வறுமையை மீறிய உழைப்பு!

அன்று குன்றுக்கு ஓவியர் ஏறியது, வாடகை குறைவு என்பதால். இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அக்கோயிலுக்கு வருகின்றனர். காசில்லாக் கலைஞனுக்கு அங்கே அறை கிடைக்குமா? அவன் படம் விற்பனைக்கு உண்டு. அவனுக்கு இடம் இல்லை!

என் மாணவனிடம் சொன்னேன்: "போய் வா, தம்பி! மாடத்தைப் பார், மகிழ். பிறகு படியிறங்கி, கீழே உள்ள பூங்காவின் பெயரைப் படி. 2004 முதல் அது லூயிஸ் மிஷெல் பூங்கா. நாடு கடத்தப்பட்ட ஆசிரியையின் பெயரை மிதித்தே அக்கோயிலுக்கு ஏறவேண்டியிருக்கிறது!"

அழகை விலக்கு என்றேனில்லை; விளக்கு என்கிறேன். விளக்கம் கேளாத வியப்பு, மற்றுமொரு மூடநம்பிக்கையே!