பற்றறியை விற்றால் போதுமா? மீற்றரையும் சேர்த்துக் கொடுங்கள்

கிளிநொச்சி மாவட்டத்தின் ஸ்கந்தபுரத்தில் எனக்கு ஒரு பழைய வாடிக்கையாளர் இருக்கிறார். வாழைத் தோட்டக்காரர். வீட்டுக்கு மின்சாரம் உண்டு. தோட்டம் காட்டோரம் என்பதால் அங்கே மின்கம்பி போகவில்லை. காவல் கொட்டிலில் இரண்டு பல்பு, சின்ன விசிறி, கைபேசி சார்ஜர். யானை வேலிப் பெட்டியும் அதே பற்றறியில்தான் ஓடியது. 100 அம்பியர் மணி டீப் சைக்கிள் பற்றறி. வவுனியாவிலிருந்து அதைக் கொடுத்தனுப்பியவன் நானேதான்.

பதினான்கு மாதம் கழித்து ஒரு இரவு வேலி செத்துக் கிடந்தது. விடியப் பார்த்தால் குலை தள்ளிய வாழை ஏழெட்டு வரிசை நிலத்தில்.

அவர் என்னை ஏசவில்லை. “தம்பி, பச்சை லைற் எரிஞ்சுகொண்டுதானே கிடந்தது, பிறகு என்னெண்டு செத்தது?” என்று மட்டும் தொலைபேசியில் கேட்டார். ஏசியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிராது. ஏனென்றால் அதற்கான பதில் எனக்கு விற்ற அன்றே தெரியும். சொல்லவில்லை. கடையில் சனம் நின்றது, பில்லைப் போட்டேன், லொறியில் ஏற்றிவிட்டேன்.

பகலில் சோலர் தட்டிலிருந்து மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது சாகக் கிடக்கிற பற்றறியும் 13, 14 வோல்ற் காட்டும். பச்சை லைற்றும் எரியும். அதை நம்புவது, கடையில் சனம் நிற்பதைப் பார்த்து இலாபம் என்று நினைப்பது போன்றது. பற்றறியின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால், சூரியன் எழும்ப முன்னர், பாவனையை எல்லாம் நிறுத்தி அரை மணித்தியாலமாவது விட்டு அளக்க வேண்டும். சுபஹ் தொழுதுவிட்டு வருகிற நேரம் அதற்கு மிகத் தோதானது. சாதாரண 12 வோல்ற் ஈயப் பற்றறியில் அப்போது 12.7 அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் வெறுமை. தினமும் பாதிக்குக் கீழே போக விடுகிறவர் தன் பற்றறியின் ஆயுளைத் தானே குறைக்கிறார். வெறுமையாக நாட்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேற்று இறுகிவிடும், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய நிலைக்கு வராது.

அவருடைய தோட்டத்துக்கு நேரில் போய்க் கணக்குப் பார்த்தேன். 100 அம்பியர் மணியை 12 ஆல் பெருக்கினால் 1200 வாட் மணி. பாதியைத்தான் தொடலாம், அதாவது 600. வேலிப் பெட்டி, பல்பு, விசிறி, சார்ஜர் எல்லாம் ஒரு நாளைக்கு 370 அளவில் வந்தன. நான் விற்றபோது அது சரியான கணக்கு. பிறகு மகன் ஒரு சின்ன இன்வேட்டரைப் பூட்டி 60 வாட் தொலைக்காட்சியை நான்கு மணித்தியாலம் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். 240 கூடிவிட்டது. மாரியில் தொடர்ந்து இரண்டு நாள் மூடமாக இருந்தால் என்னவாகும்? அத்தோடு இன்வேட்டரைக் கொன்ரோலரில் கொடுக்காமல் நேரே பற்றறி முனையில் பூட்டியதால், அளவுக்கு மீறி இறங்கும்போது தானாக நிறுத்துகிற பாதுகாப்பும் இல்லாமல் போயிற்று. ஒரு சின்ன வோல்ற் மீற்றர் கொட்டில் தூணில் தொங்கியிருந்தால் இரண்டாம் கிழமையே தெரிந்திருக்கும்.

மூடிகளைத் திறந்து பார்த்தேன். தகடு தெரிகிற அளவுக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. இரண்டு அறைகளுக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள்! வன்னிக் கிணற்றில் உள்ள சுண்ணாம்பும் உப்பும் பற்றறிக்கு நஞ்சு. அதற்கென்று விற்கிற காய்ச்சி வடித்த தண்ணீரைத்தான் விட வேண்டும். ஹைட்ரோமீற்றரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்த்தபோது ஒரு அறை மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கியிருந்தது. ஒரு அறை போனால் முழுப் பற்றறியும் போனதுதான். அதை மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. வன்னி மக்களுக்குப் பற்றறியின் அருமை புதிதல்ல. 1990 களில் அங்கே மின்சாரமே இல்லை, பொருளாதாரத் தடையில் பற்றறியும் தடைப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் அவர்கள். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு நான் சாமான் கொண்டு போன நாட்களில், ஒரு பழைய கார் பற்றறியை மண் படாமல் பலகையில் தூக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த வீடுகளைக் கண்டிருக்கிறேன். இல்லாத காலத்தில் எல்லோரும் கவனித்தார்கள். இப்போது கடையில் கிடைக்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தக் குறை தெற்கிலும் உண்டு. 2022 மார்ச் 31 இல் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது இன்வேட்டரும் பற்றறியும் அள்ளிக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் அதை ஒரு தடவையாவது அளந்து பார்த்திருப்பார்கள்?

வியாபாரிகளாகிய நாமும் சும்மா இல்லை. ஒரு முறை மொத்தக் கடையொன்றில் எடுத்த புதுப் பற்றறிகளில் நான்கு, பெட்டி பிரிக்கும்போதே 12.2 காட்டின. மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் களஞ்சியத்தில் கிடந்தவை. சூட்டில் கிடந்தால் பற்றறி தானாகவே இறங்கும் என்பதை அறியாமல் அவற்றைப் புதுச்சரக்கு என்று விற்றால் உத்தரவாதச் சண்டை நம் வாசலுக்குத்தான் வரும். உங்கள் தட்டில் கிடப்பவற்றை இன்றே அளந்து பாருங்கள்.

வெளிநாடுகளில் வாகனத்தையே வீடாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இதைவிட ஒரு படி மேலே போய்விட்டார்கள். பற்றறியின் மறைக் கம்பியில் ஒரு சிறு உலோகத் துண்டைப் பூட்டி, ஏறிய அம்பியர் எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்று வரவு செலவுக் கொப்பி போல எண்ணிக் காட்டும் மீற்றரைப் பாவிக்கிறார்கள். லிதியம் பற்றறி விற்கும் நண்பர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். லிதியத்தில் நிறைந்த நிலைக்கும் ஏறக்குறைய முடிந்த நிலைக்கும் வோல்ற்றில் மிகச் சிறிய வித்தியாசமே வரும். அதற்கு எண்ணும் மீற்றர் தேவை.

“எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தால் அடுத்த பற்றறியை எப்போது விற்பது?” என்று ஒரு நண்பர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார், ஆனால் பலருடைய மனதில் இருப்பது அதுதான். பதினான்கு மாதத்தில் செத்த பற்றறிக்காரர் அடுத்ததை வேறு கடையில் வாங்குவார் என்பதை அவர் மறந்துவிட்டார். மின்மீற்றரின் விலை பற்றறி விலையில் ஒரு சிறு துளி. அதை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் முறைக்க மாட்டார்கள். 12.7, 12.2, 11.8 என்ற மூன்று எண்களையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துப் பற்றறியின் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். அடர்த்தியான அசிட்டைத் தாங்களாக ஊற்றக் கூடாது, பற்றறிக்குப் பக்கத்தில் நெருப்புக் கொள்ளி பற்றக் கூடாது என்ற இரண்டு எச்சரிக்கையும் அதில் இருக்கட்டும்.

ஸ்கந்தபுரத்துக்காரருக்குப் புதுப் பற்றறியை வாங்கிய விலைக்கே கொடுத்தேன். மீற்றரைத் தூணில் நானே பூட்டினேன். தொலைக்காட்சி இப்போது வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கிழமையும் அவர் எண்ணை வாசித்து எனக்குச் சொல்கிறார். போன வெள்ளி 12.5.